உள்கண்ணாடி

சராய் காலே கான் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் பின்சந்தில்
டாக்டர் கித்வாயின் அறை.
ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை
நான் வண்டி ஓட்டத் தகுதியானவன் என்று
அந்த அம்மா எழுதித் தர வேண்டும்.

ஒரு கண்ணைப் பொத்து, படி.
மறு கண்ணைப் பொத்து, படி.
புள்ளிகளுக்குள் எட்டு தெரிகிறதா?
தெரிகிறது, மேடம்.
வலிப்பு? இல்லை.
ராத்திரித் தூக்கம்? வரும்.
சட்டென்று கோபம்?
என் சம்பளத்துக்கு அவ்வளவெல்லாம் வராது, என்றேன்.
சிரிக்கவில்லை.
யாரும் இல்லாதபோது சத்தம் ஏதாவது கேட்கிறதா?

இந்த இடத்தில் கொஞ்சம் தயங்கினேன்.

ஏனென்றால் கேட்கிறது.
கைதட்டல்.
ஐயா பின்சீட்டில் சாய்ந்ததும்
போனில் நேற்றைய கூட்டத்தைப் போடுவார்,
பேச்சைத் தள்ளிவிட்டுத் தட்டலை மட்டும்.
லோதி ரோடு முழுக்கத் தட்டல்.
மூல்சந்த் பாலத்தில் மறுபடி முதலிலிருந்து.
இப்போது வீட்டில் சோறு பிசையும்போதும்
குக்கர் விசிலுக்கு அடியில் அது ஓடுகிறது.

இல்லை மேடம், என்றேன்.

கண்ணாடி விஷயத்தையும் சொல்லவில்லை.
வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள்
"ராஜு, அதை என் பக்கம் திருப்பு" என்றார்.
என் பெயர் கொளஞ்சிநாதன்.
எனக்கு முன்னால் ஓட்டியவன் ராஜு.
ஏழு வருஷமாக நானும் ராஜு.
திருப்பினேன்.
அன்றிலிருந்து பின்னால் என்ன வருகிறதென்று
எனக்குத் தெரியாது.
அவருக்கும் தெரியாது,
அவர் தன் மீசையைப் பார்த்துக்கொண்டு வருகிறார்.

யமுனை ஏறிய ஆகஸ்டில்
சாவு வீடுகளுக்குப் போகிற வழியில்
அழுது பழகினார்.
முதலில் வலது கண்ணில். பிறகு இடதில்.
"ராஜு, எது?"
இடது, என்றேன்.
மறுநாள் எல்லாப் பேப்பரிலும் இடது கண்.
அஞ்சலாட்சியிடம் விரித்துக் காட்டி
இது நான் சொன்னது என்றேன்.
பெருமையாகத்தான் இருந்தது. மறைப்பானேன்.

பிறகு அந்த ஜனவரிப் பனி.
பாராபுல்லா மேல் எதிர்வண்டி விளக்கெல்லாம்
பீடி நெருப்பு மாதிரி.
பின்னால் சைரன்.
நெருங்குகிறது. எந்தப் பக்கம் ஒதுங்குவது?
கண்ணாடியில் பார்த்தால்
ஐயாவின் மூக்கு.
"நம்முடைய சைரனா அது?"
அவ்வளவு சந்தோஷமாகக் கேட்டார்.
ஆமாம் என்றேனா, வாயை மூடிக்கொண்டேனா,
நினைவில்லை.
கொஞ்ச நேரம் எங்கள் முதுகிலேயே அலறிக்கொண்டு வந்தது.
பிறகு எங்கேயோ பனிக்குள் நின்றுபோனது.
போய்ச் சேர்ந்து நின்றதா, சும்மா நின்றதா.
மறுநாள் நான் பேப்பர் வாங்கவில்லை.

டாக்டர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார்.
இறுக இறுக, கேட்டுவிட்டேன்:
மேடம், பின்சீட்டில் உட்காருகிறவங்களுக்கு
இந்த மாதிரி ஒரு படிவம் இருக்கா?
காதிலிருந்து குழாயை எடுத்துவிட்டு
என்ன கேட்டாய், என்றார்.
இரண்டாம் தடவை கேட்க வாய் வரவில்லை.
நூற்றைம்பதுக்கு நூறு, உப்பைக் குறை, என்றார்.
'ஃபிட்' சீல் பாதிதான் விழுந்தது.
எச்சில் தொட்ட மாதிரி மையில் ஒற்றி
இன்னொரு குத்து.

வெளியே வண்டியில் ஏறி,
ஆளில்லாத நேரம்தானே என்று
கண்ணாடியை என் பக்கம் திருப்பினேன்.
ஒரு தண்ணீர் டேங்கர்.
மூன்று பிள்ளைகளை அடைத்த ஸ்கூட்டர்.
காலைச் சாய்த்துச் சாய்த்து ரோட்டைத் தாண்டும் ஒருத்தி.
அவளுக்குப் பின்னால் பஸ், பஸ்ஸுக்குப் பின்னால்
மங்கலாக இன்னும் என்னென்னவோ.
இவ்வளவு பேரா
பின்னால் வந்துகொண்டிருந்தார்கள்.

பதினோரு மணிக்கு ஐயா ஏறுவார்.
பத்தே முக்காலுக்கு
பழையபடி திருப்பி வைத்தேன்.
விரல் பட்ட இடத்தை
சட்டை நுனியால் துடைத்தும் விட்டேன்.