க்வத்ரிச் நிறுத்தத்தில் ஆடியவள்

மொத்தம் பதினான்கு விநாடி.
ஈரத் தண்டவாளம். பதினொன்றாம் எண் டிராம் இன்னும் வரவில்லை.
பச்சைக் கோட்டுப் பெண்ணொருத்தி,
வெங்காயத் தாள் துருத்தி நிற்கும் பையோடு
அரைச் சுற்று சுற்றுகிறாள்,
ஒரு காலைத் தூக்கி உதறுகிறாள்,
பிறகு எதுவும் நடக்காத மாதிரி
கால அட்டவணையைப் படிக்கிறாள்.

அது நான்தான்.
ல்யெர்கா, வயது ஐம்பத்தேழு,
சாக்ரெப் குடிநீர் வாரியத்தில் கணக்கு.

அட்டவணையை நான் படிக்கவே இல்லை, தம்பி.
அழுதுகொண்டிருந்தேன்.
நீ நின்ற கோணத்தில் அது விழவில்லை.

அதன் மேல் ஒரு பாட்டை ஊற்றியிருந்தாய்.
நான் ஆடியது எந்தப் பாட்டுக்கும் அல்ல.
ரெப்ரோ ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர்
தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்ன
"ஒன்றுமில்லை" என்ற சொல்லுக்கு.

மூன்று வாரம் அந்தக் கட்டியை
யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தேன்.
த்ராஷெனின் கை பக்கத்தில் வந்தால்
புரண்டு படுத்தேன்.
ஸ்ப்லிட்டில் இருக்கும் மகளிடம்
காற்றையும் மழையையும் மட்டும் பேசினேன்.
அடுப்பில் வைத்த பாலைப் போல
என் முகத்தைப் பார்த்துக்கொண்டேன்.

திங்கட்கிழமைக்குள் நாலு லட்சம் பேர்.
ஒருவரும் திட்டவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.
இவளைப் போல் வாழணும் என்றார்கள்,
இதயம் இதயமாகக் கொட்டினார்கள்.
ரொட்டிக் கடைக்காரி காசு வாங்காமல் புரெக் தந்தாள்.
மேலதிகாரி ஸ்வோனிமிர் மட்டும் தேதியைப் பார்த்தார்:
அன்று எனக்குப் பல்வலி விடுப்பு.

இரவு த்ராஷென் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து
மறுபடி மறுபடி ஓட்டினார்.
முப்பது வருஷத்தில்
நான் அப்படிக் காலைத் தூக்கி அவர் பார்த்ததில்லை.
"யாருக்காக?" என்றார், மெதுவாக.
"ஒன்றுமில்லை" என்றேன்.
வாழ்நாளில் நான் சொன்ன
மிகச் சரியான பதில்.
அவர் நம்பவில்லை.

எடுத்துவிடு என்று உனக்கு எழுதினேன்.
மரியாதையாகத்தான் பதில் போட்டாய்:
தெரு எல்லோருக்கும் பொது, மேடம்.
அதோடு நீங்கள் அழகாக இருக்கிறீர்கள்.

தெரு பொதுதான், போர்னா.
மழையும் பொது, டிராமும் பொது.
அன்று அங்கே இருந்தது
நான், பை, ரெண்டு புறா,
வெள்ளரிக்காய் வாங்கிவந்த ஒரு கிழவர்.
அவர் திரும்பினார், பார்த்தார்,
வீட்டுக்குப் போவதற்குள் மறந்திருப்பார்.
தெரு மறந்துவிடும் என்று நம்பித்தான் ஆடினேன்.

கடைசியில் கட்டியைச் சொன்னேன்.
இல்லாத ஒருவனைத் துரத்த
இல்லாமல்போன ஒரு நோயை.
அழுதார். அப்புறம் ஒரு வாரம் பேசவில்லை.
எப்போது, எந்த மேசையில், எந்த ஒயினோடு என்று
நான் யோசித்து வைத்திருந்தது
அப்படியே கிடக்கிறது.

ஆறு மாதத்தில் மறு பரிசோதனை.
அதே டாக்டர், அதே சொல்.
நிறுத்தத்தில் நேராக நின்றேன்,
கோட்டுப் பைக்குள் இரு கைகளும்.
எதிரே ஒரு பெண் போனை உயர்த்தினாள்.
மேகத்தை எடுத்தாளோ, என்னையோ.

பன்னிரண்டாம் எண் வந்தது, விட்டுவிட்டேன்.
வலது பூட்ஸுக்குள்
பெருவிரல் மட்டும்
ஆடிக்கொண்டிருந்தது.