நாலு நிமிஷம்

வண்ணார்பேட்டைக் கல்யாண மண்டபத்தில்
விளக்கையெல்லாம் அணைக்கச் சொன்னேன்.
ஆடி மாதம், ஆளில்லை.
"கரண்டு இருக்கும்போதே இருட்டாக்கிப் பாக்கியளே"
என்றார் மேலாளர் கோமதிநாயகம்.
தலைக்கு மேலே எரியும் வெளிச்சத்தில்
கம்பளம் பொய் சொல்லும் அண்ணாச்சி.
டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்தால்தான்
வாய் திறக்கும்.

குப்புறப் படுத்தேன்.
மேடையோரம் கருத்த திட்டு.
"சாயம் போயிட்டு, பாருங்க."
எதிர்ப்பக்கம் கூட்டிப்போய் நிறுத்தினேன்:
அதே திட்டு வெளுத்திருந்தது.
பசு நக்கிய கன்றின் முதுகுபோல
இழை சாய்ந்து கிடக்கிறது, அவ்வளவுதான்.
பந்தி வாசலில் சொதிக் கறை, எங்கள் கணக்கில் வராது.
நாற்காலிக் கால்கள் பதித்த குழிகளும்.
அவர் முகம் சுண்டிக்கொண்டே வந்தது.

பிறகு அது.
நீளவாக்கில்
வகிடு எடுத்தாற்போல் ஒரே ஒரு கோடு.
எந்தக் காலும் இவ்வளவு நேராக நடந்து தேய்க்காது.
விரலை ஓட்டினேன், அடித்துணி நெருடியது.
ஆயிரத்து இருநூற்று அறுபது ஊசியில்
ஒன்றுக்கு மட்டும் நூல் இல்லை.
டேப் எட்டு மீட்டர் காட்டியது.
நிமிஷத்துக்கு ரெண்டு மீட்டர் ஓடும் எங்கள் மெஷின்.

ஓரத்தைப் பெயர்த்துப் புரட்டினால்
பின்புறத்தில் முத்திரை:
கங்கைகொண்டான், மூன்றாம் ஷிப்டு, மெஷின் நாலு,
போன கார்த்திகையில் ஒரு தேதி.
அப்போது அந்த மெஷினுக்கு
நூல் பார்த்தவள் நான்.

யோசித்துப் பார்க்கிறேன்.
அன்றைக்கு வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை.
போன் வரவில்லை. தூங்கவில்லை, சத்தியமாக.
செல்லக்கிளி டீ கொண்டுவந்திருப்பாளோ,
சரக்கு ரயில் போகிற சத்தத்தில்
பெட்டிகளை எண்ணிக்கொண்டு நின்றேனோ.
எட்டு மீட்டர் நீளத்துக்கு
நான் எங்கே போயிருந்தேன்?

படிவத்தில்
உற்பத்திக் குறையா: ஆம்.
காரணம்: நூல் அறுந்தது.
கவனித்தவர் என்ற இடத்தில்
ஆவுடைத்தங்கம் என்று எழுதுகையில்
பேனா கொஞ்சம் நின்றது.

"கண்டுபிடிச்சிட்டியளே, பெரிய ஆளுதான் நீங்க"
என்று விளக்கைப் போட்டார்.
கோடு காணாமல் போனது.
"ஆவணி பொறந்தா முகூர்த்தம். மாத்தித் தருவியளா?"
வேண்டாம், நானே வந்து
ஒவ்வொரு கொண்டையாகக் குத்திச் சேர்த்துத் தருகிறேன்,
ஒரு பகல் முழுக்க ஆகும் என்றேன்.

"இத்தினிக் கோட்டுக்கா?"