பதினொரு கிளிக்

வண்டி ஒன்று, ஓட்ட இரண்டு பேர்.
ஒற்றைப்படை வாரம் மத்தலேனுக்கு, இரட்டைப்படை எனக்கு.
சாவியை மீன்கடை மிரேனிடம் விட்டுப்போவோம்.
நாங்கள் பேசிக்கொள்வதில்லை.
பின்டயர் காசில் தொடங்கியது அது,
எங்கே போய் நின்றது என்று சொல்ல எனக்கு வெட்கம்.

என் எடை தொண்ணூற்றொரு கிலோ.
ஹெல்மெட், பூட்ஸ், முதுகுக்கவசம் சேர்த்தால் தொண்ணூற்றெட்டு.
உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்,
ஸ்பிரிங்கிடம் பொய் செல்லாது.
அக்கா அறுபது. மழையில் நனைந்தால் அறுபத்திரண்டு.

வாங்கிய அன்று சேர்ந்துதான் அளந்தோம்,
அஸ்பெய்தியாவில், ஆற்றோரக் கொட்டகையில்.
பின்சக்கர அச்சிலிருந்து நேர் மேலே
இருக்கைக்கு அடியில் நகப்பூச்சால் வைத்த
சிவப்புப் புள்ளி வரை.
முதலில் சக்கரம் அந்தரத்தில்.
பிறகு ஆள் ஏறி, கால் தூக்கி, மூச்சை நிறுத்தி.
முப்பத்தைந்து மில்லிமீட்டர் அமுங்கவேண்டும்.
குறைந்தால் வண்டி ஆளை உதறும்.
கூடினால் வளைவில் பின்பக்கம் குந்திக்கொள்ளும்,
முன்சக்கரம் சொன்ன பேச்சு கேட்காது.
அவளுக்கு நான்கு கிளிக், எனக்குப் பதினைந்து.
ஆணியால் சட்டத்தில் கீறிவைத்தோம்,
மூத்தவள் மேலே, இளையவள் கீழே.

ஆக, என் வாரம் பிறந்தால் பதினொரு கிளிக்.
குந்தி உட்கார்ந்து, கையுறை கழற்றி,
அவள் எடைக்கு மேல் என் எடையை ஏற்றுவேன்.
அடுத்த சனிக்கிழமை அவள் இறக்குவாள்
(என் உடம்பைத் திட்டிக்கொண்டு, சந்தேகமில்லை).
இரண்டு வருடமாக எங்களுக்குள் நடந்த பேச்சு
மொத்தமும் இதுதான்.

மார்ச்சில் ஒரு நாள்
பதினொன்று திருப்பியும் பாலத்துக் கல்தரையில்
வண்டி சோபாபோல உள்வாங்கியது.
எண்ணிக்கை தவறிவிட்டேன் என்று நினைத்தேன்.
அடிவரை இறக்கி மேலே எண்ணினேன், சரியாக வந்தது.
இரண்டு வாரம் கழித்து, ஏற்றுவதற்கு முன்பே,
அவள் விட்ட இடத்தை எண்ணிப் பார்த்தேன்.
நான்கு இருக்கவேண்டிய இடத்தில் ஒன்று.
அதற்கடுத்த முறை ஒன்றும் இல்லை.

மிரேனிடம் கேட்டேன்.
தராசில் நெத்திலியைக் கொட்டியபடி
“அதை ஏன் என்னிடம் கேட்கிறாய்?” என்றாள்.
முள் ஆடி நிற்கும்வரை
என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவளுடைய வாரம் அது.
இருந்தும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்
அவள் கட்டடத்து வாசலில் மணியடித்தேன்.
“கீழே வா, மறுபடி அளக்கவேண்டும்.
ஏறி உட்கார ஒருத்தி, டேப் பிடிக்க ஒருத்தி,
தனியாக ஆகாது.”
மூன்றாம் மாடியிலிருந்து ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல்.
“முழு உடையோடு வா” என்றேன்.
வேறென்ன சொல்வதென்று தெரியவில்லை.

முதலில் ஜாக்கெட் வந்தது,
அதற்குள்ளே எங்கோ அவள் வந்தாள்.
ஏறினாள். ஷாக் முனகக்கூட இல்லை.
“சுவரில் ஒரு விரல் மட்டும். கால் மேலே.”
மண்டியிட்டு டேப்பை இழுத்தேன்.
இருபத்திரண்டு.

“பூஜ்யத்தில் இருக்கிறது, இதற்குக் கீழே இறக்க வழியில்லை.
மெல்லிய ஸ்பிரிங்தான் போடவேண்டும்.”
“எவ்வளவு?”
“நூற்றிப்பத்து யூரோ. பாதிப் பாதி.”
அவள் சிரித்தாளா, இருமினாளா,
ஹெல்மெட்டுக்குள் இருந்து வந்தது:
“இல்லாவிட்டால் நான் சாப்பிடவேண்டும்.”

எழுந்திருக்கவில்லை நான்.
புள்ளியில் நகம், அச்சில் கட்டைவிரல்,
டேப் எங்கள் இருவருக்கும் நடுவே லேசாக நடுங்கியது.
“ஆடாதே” என்றேன்,
“இன்னொரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.”