தொண்ணூறு விநாடி

வேலந்தாவளம் சோதனைச்சாவடியில் பஸ் நின்றதும்
பையைத் திறக்கச் சொல்வார்கள்.
சோற்றுப் பாத்திரம், குடை, கண்ணாடிக்கூடு.
"கோழி? அரிசி?"
இல்லை என்பேன்.
விரல்களைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

விரல்களுக்குத்தான் எனக்குச் சம்பளம்.
தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு பருமனில்
டங்ஸ்டன் இழை இருநூற்று நாற்பது.
நுண்ணோக்கிக்குக் கீழே நிறுத்தி நிறுத்தி
ஒரு கூண்டு கட்ட வேண்டும்.
தும்மினால் மறுபடி திங்கட்கிழமை.
நானும் ரஷியா பீவியும் பதினோரு நாள்
பேசிக்கொள்ளவே மாட்டோம்.
பேசினால் இழைக்குக் கேட்டுவிடும் என்பாள்.

பன்னிரண்டாம் நாள் கூண்டு எங்களுடையது அல்ல.
எண்ணெய்த் தொட்டிகளுக்குள் மின்தேக்கிகள்
தொண்ணூறு விநாடி நிதானமாகக் குடிக்கும்.
பிறகு எண்பது லட்சம் ஆம்பியரை
நூறு நானோ விநாடியில்
ஒரே வாயாகக் கக்கும்.
இழைகள் ஆவியாகும்.
ஆவியை அதன் மின்சாரமே கழுத்தைப் பிடித்து
நடுவில் ஒரு பென்சில் முனையாக நெரிக்கும்.

நானோ விநாடி என்றால் எவ்வளவு என்றான் மகன்.
நூறு இருந்தால்
வெளிச்சம் நம் வீட்டிலிருந்து ரேஷன் கடைக்குப் போய்விடும் என்றேன்.
ஜன்னலுக்கு ஓடிப் பார்த்தான்.
போய்விட்டிருந்தது.

ஊருக்குக் கேட்பது ஒரு தொம்.
டீக்கடையில் கிளாஸ்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும்.
கிணற்றுச் சுவரில் மயிரிழை போல ஒரு கோடு.
எல்லோரும் வர்க்கிச்சனின் குவாரியைச் சொன்னார்கள்.
அவர் வெடி வைப்பது காலையில்.
எங்கள் தொம் மூன்றரை மணிக்கு.
கோபத்தில் யார் கடிகாரம் பார்க்கிறார்கள்.

மனு எங்கள் வீட்டுக்கும் வந்தது.
சோபாவுக்கு மேலே விரிசலைக் காட்டி
"உங்களுக்கும்தானே அக்கா" என்றான் மனு கொண்டுவந்த பையன்.
பேனாவை வாங்கினேன்.
ரகசியக் காப்பு உறுதிமொழியில்
ஆறு பிரதிகளில் நான் போட்ட
அதே கையெழுத்து.
'செ'வின் சுழி மட்டும் கொஞ்சம் நடுங்கியது.

வரவேற்பறையில் ஒரு படம் மாட்டியிருக்கிறது.
குழந்தையின் உள்ளங்கையில் சூரியன்.
டெல்லியிலிருந்து வந்தவர்கள் அதைப் பார்க்கவில்லை.
அவர்கள் சட்டையில் பெயர் இல்லை.
சுனந்தா மேனோன் ஓட்டமும் நடையுமாய் வந்து
நியூட்ரான் எண்ணிக்கையைக் காட்டினார்,
முதல் மார்க் வாங்கிய பிள்ளையின் முகத்தோடு.
டியூட்டீரியம் நிஜமாகவே இணைந்திருக்கிறது,
கொஞ்சம், கொஞ்சம்தான், ஆனால்...
"எக்ஸ்-ரே எவ்வளவு?" என்றார் அவர்களில் உயரமானவர்.
மேனோன் சொன்னார்.
குரல் இரண்டு படி இறங்கியிருந்தது.
வெளிச்சம் அவர்களுக்குப் பொருட்டில்லை.
அதன் முன்னால் வைத்தால் எது தாங்கும்,
எது தாங்காது என்று குறித்துக்கொண்டார்கள்.
டீ ஆறிக்கொண்டிருந்தது.
எங்கள் பதினோரு நாளின் சாம்பல்கூட இல்லை,
சுவரில் வெள்ளியாய் ஒரு பூச்சு.
ரஷியா பீவி அதை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள்.

எல்லோரும் போன பிறகு ஆரோக்கியம் வருவான்,
நீளமான எர்த் கம்பியோடு.
ஒவ்வொரு முனையையும் தொட்டுத் தொட்டுப் போவான்.
அதுதான் காலியாகிவிட்டதே என்று ஒருநாள் கேட்டேன்.
"காலியான மாதிரி இருக்கும்.
அப்படியே விட்டால் உள்ளேயிருந்து
தானா கொஞ்சம் ஊறி வரும்.
அந்தக் கொஞ்சம்தான் ஆளைக் கொல்லும்" என்றான்.
கம்பி பட்ட இடத்தில்
நீலமாய் ஒரு சொடுக்கு.

வர்க்கிச்சனுக்கு அபராதம் என்று
இன்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள்.
நாலு லட்சம்.
ஒருவர் கை தட்டினார்.

சாவடியில் இந்தப் பக்கத்துக் காவலர் ஏறினார்.
சாராயம் தேடும் முறை இவருடையது.
"பாத்திரத்துல என்ன?"
"காலி" என்றேன்.
நம்பாமல்
மூடியை ஒருமுறை தட்டிப் பார்த்தார்.