நண்பகல் கெடு

நவம்பரில் எங்கள் ஃபியோர்டில்
ஒன்பது மணிக்குத்தான் விடியும்.
அதற்குள் நாங்கள் மூன்று முறை கரை மாறியிருப்போம்,
லாரிகள், சால்மன் பெட்டிகள், தூங்கி வழியும் முகங்களோடு.
கடைசிச் சக்கரத்துக்கு அடைகொடுத்து நிமிர்ந்ததும்
கையுறையைப் பல்லால் இழுத்து
போனில் என் பதினைந்து பேரை எண்ணுவேன்.

மூன்று பேர் சிவப்பில்.
ஒருவனுக்குத் தொடை. ஒருவனுக்குத் தடை.
ஒருவனுக்கு என்னவென்று மேலாளரே சொல்லவில்லை.
'பார்க்கலாம்' என்றாராம்.
அந்த ஒரு சொல்லை நம்பி ஐந்து வாரம்
அவனை பெஞ்சில் வைத்துச் சோறு போட்டேன்.

எஞ்சின் அறை தூர்கெய்ர்
இரண்டாம் வாரமே வைல்ட் கார்டைக் கிழித்தவன்,
குடிபுகுந்த மறுநாளே சுவரை இடித்தவன் மாதிரி.
இப்போது ஒன்பதாம் இடம்.
கேப்டன் யூஸ்டைன் தன்னுடையதை
வசந்தத்துக்கென்று பூட்டி வைத்திருக்கிறார்.
அதுவரை அணி இருக்க வேண்டுமே.
வாஃபிள் சுடும் சோல்ஃப்ரிட் மட்டும்
வாராவாரம் கூசாமல் நாலு புள்ளி கடன் வாங்கி
இரண்டு பேரை மாற்றி
முதலிடத்தில் நிற்கிறாள்.
எந்தக் கணக்கிலும் அடங்காத பெண்.

தோற்ற ஞாயிறு இரவில்
பட்டனைத் தொடக்கூடாது என்பது என் சட்டம்.
மூன்று முறை மீறியிருக்கிறேன்.
இம்முறை கோபமில்லை.
அடுத்த ஆறு வாரத்து எதிரணிகளைப் பார்த்தேன்,
விலை இறங்குவதைப் பார்த்தேன்,
ஒட்டுப்போட்டு ஓட்டுவதற்கும் ஓர் எல்லை உண்டு.
வைத்தால் குடுமி, அடித்தால் மொட்டை.
வெள்ளி இரவு பதினான்கு பேரை வெளியே தள்ளினேன்.
மிச்சம், மாற்று கோல்கீப்பர் ஒருவன்.
நாலு மில்லியன், ஆடவே மாட்டான்.
அவன்மேல் எனக்குப் புகார் இல்லை.

சனிக்கிழமை. கெடு பன்னிரண்டு.
பதினொன்று நாற்பதுக்குக் கயிறு அவிழ்த்தோம்.
'உறுதி செய்' என்ற பட்டன்மேல் கட்டைவிரல் நிற்க,
மூன்றாம் வரிசையில் ஒரு குதிரை வண்டி
உள்ளிருந்து தகரத்தை உதைத்தது.
ஓட்டி வந்தவர் காபிக்கு மேலே போயிருந்தார்.
குதிரைக்கு வேண்டியது தாழ்ந்த, நிதானமான குரல்.
எனக்குத் தெரிந்த தாலாட்டு ஒன்றுமில்லை.
அணியைச் சொன்னேன்.

இவனை எடுக்கிறேன், பெனால்டி இவன்தான் அடிக்கிறான்.
இவனை விற்கிறேன், அடுத்து இரண்டும் வெளியூர் ஆட்டம்.
இந்தத் தடுப்பாளன் மலிவு, மூலையிலிருந்து தலையால் முட்டுவான்.
காதுகள் என் பக்கம் திரும்பின.
உதை நின்றது.

ஒன்பதாம் எண் வந்ததும் நான் நின்றேன்.
ஆகஸ்டில், மழையில், சாய்தளத்தில்,
அவன் மூன்றாவது கோல் அடித்தபோது
நான் போட்ட கூச்சலில்
ஒரு ஜெர்மன் கேரவன் பிரேக் அடித்து நின்றுவிட்டது.
அதற்கப்புறம் அவன் எதுவும் செய்யவில்லை.
'இவனை' என்றேன் குதிரையிடம்.
அடுத்த வார்த்தை வரவில்லை.
குதிரை மூச்சு விட்டது, வைக்கோல் வாசனையோடு.

பதினொன்று ஐம்பத்தெட்டு.
கரை தட்டியது, சங்கிலி இரைந்தது.
அழுத்தினேன்.

என் புதிய பதினோரு பேர் சேர்ந்து
ஐம்பத்தொன்று.
ஒன்பதாம் எண் எண்பத்துமூன்றாம் நிமிடம்
மாற்று ஆளாக இறங்கி
இரண்டு கோல்.
அன்று மாலை சோல்ஃப்ரிட் ஒரு வாஃபிளைத் தட்டில் வைத்தாள்,
ஜாம் கொஞ்சம் அதிகம்.
காசு கேட்கவில்லை. அதுதான் வலித்தது.

செவ்வாய், அதே குதிரை வண்டி திரும்பி வந்தது.
ஜன்னல் கம்பி வழியே மூக்கை நீட்டியது.
மீதிக் கதையைக் கேட்கிறதோ என்னவோ.
கையுறையைக் கழற்றி நெற்றியைத் தடவினேன்.

'பார்க்கலாம்' என்றேன்.