பத்துக்கு மேல் வைப்பதில்லை

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
கன்னங்குறிச்சியின் எண்ணூற்றுச் சொச்சம் வீடுகளில்
மின்சாரத்தைப் படிக்கிறவள் நான்.
படித்ததை மெஷினில் ஏற்றுவேன்,
அட்டையில் எழுதுவேன்.
மூன்றாவதாக ஒரு நோட்டு உண்டு.
ஆபீஸ் அதைக் கேட்டதில்லை.

பிடித்த வீடுகள், பத்து.
பத்துக்கு மேல் வைப்பதில்லை.
எட்டாம் வகுப்பில் பிடித்த தோழிகள் என்று
முப்பத்தொரு பேரை எழுதியிருந்தேன்.
எபனேசர் மேரி படித்துவிட்டுச் சிரித்தாள்:
"இது லிஸ்ட் இல்லடி, அட்டெண்டன்ஸ்."

நோட்டோடு நிற்கிற பழக்கமுமில்லை.
தட்டுவடை செட்டில்
பீட்ரூட் தாராளமாய் விழுந்ததை
கடைசிக்கு ஒதுக்கி வைப்பேன்.
டவுன் பஸ்ஸில் நல்ல ஜன்னல்கள், ஒரு தாள்.
கேட்ட பொய்களில் நல்லவை, இன்னொரு தாள்.

இந்தச் சுற்றில் முதலிடம்
ஏரிக்கரைச் சந்தின் பச்சை கேட்.
"பெட்டிக்குள் குளவி, கை விடாதீங்க, 4718"
என்று சாக்பீஸில் எழுதி வைத்திருந்தார்கள்.
நான்காவது, மாடி வீட்டு ஹபீபுன்னிசா.
தொகையைச் சொன்னதும்
"போன தடவைக்கு இது தேவலாம்" என்பார்,
கூடியிருந்தாலும்.
(அவர் அந்த இன்னொரு தாளிலும் உண்டு.)
ஏழாவதில் யார் குடியிருக்கிறார்கள் என்றே தெரியாது.
மீட்டருக்கு நேர் எதிரே
சேர்வராயன் மலை முழுசாய் நிற்கும்.
மூன்று மணி வெயிலில் மேலே போகிற பஸ்ஸின் கண்ணாடி
ஏதோ ஒரு வளைவில் மின்னி அணையும்.
அதற்காக ரீடிங்கை
இரண்டு முறை சரிபார்ப்பேன்.

புதிதாய் ஒன்று சேர்க்க
பழையதொன்றை அடிக்க வேண்டும்.
சித்திரையில் கோவர்த்தனன் வீட்டை அடித்தேன்.
காரணம் அற்பம்.
அடுத்த தெருவில் ஒரு வாண்டு
என்னைக் கண்டதும் "கரண்ட் டீச்சர்!" என்று கத்தியது.
ஒரு கோடு.
அவ்வளவுதான்.

ஆனியில் போனேன்.
காம்பவுண்டுச் சுவரில் அதே எவர்சில்வர் சொம்பு,
கவிழ்த்து வைத்த அதே டம்ளர்.
இந்த முறை எலுமிச்சை பிழிந்திருந்தார்.
பட்டியலில் இருந்ததும் அவருக்குத் தெரியாது,
இல்லாமல் போனதும்.
குடிக்கக் குடிக்க
நான் போட்ட கோடு
தொண்டையில் நூலாய்க் குறுக்கே நின்றது.
"உப்பு கூடிடுச்சாம்மா?"
"இல்லீங்க" என்றேன்.
கூடித்தான் இருந்தது.

என் பெயர் யாருடைய நோட்டில்
எத்தனையாவதாய் இருந்து
எந்த மத்தியானத்தில் அடிபட்டதோ.
எபனேசர் மேரி கட்டாயம் ஒன்று வைத்திருப்பாள்.
அவள் கறார்.
ஐந்துக்கு மேல் போக மாட்டாள்.

ராத்திரி நோட்டைத் திறந்தேன்.
அவரைத் திரும்ப ஏற்ற யாரை இறக்குவது?
குளவியையா, மலையையா,
கத்தின பிள்ளையையா?
ஒவ்வொரு வரிக்கும் மேலே
பேனா போய்ப் போய்த் திரும்பியது.
மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது,
என் மீட்டரும்.

கடைசியில் சிவப்புக் கோட்டுக்கு வெளியே,
எண் போடாமல்,
கொஞ்சம் சாய்வாய் எழுதி வைத்தேன்:
சொம்பு. உப்பு கூட.
ஆவணியில் பார்க்கணும்.