திரும்பத் தர வேண்டிய தேதி

பெரம்பூரில், பேப்பர் மில்ஸ் ரோட்டிலிருந்து
இரண்டாவது சந்தில் எங்கள் சபை.
ஞாயிறு பள்ளிப் புத்தக அலமாரியின் சாவி
ஏழு வருடமாக என் கைப்பையில்,
ஐ.சி.எஃப். அடையாள அட்டையோடு உரசிக்கொண்டு.

போன மாதக் கமிட்டியில் ஒரு புகார்.
பறக்கும் கம்பளம், பேசும் பூனை, மந்திரக்கோல்
உள்ளவற்றைத் தனியாகப் பிரித்து வையுங்கள்,
பிறகு தீர்மானிக்கலாம் என்றார் ஆயர்.
குறி கேட்பதும் அஞ்சனம் பார்ப்பதும் நமக்கு ஆகாது,
பிள்ளைகளுக்கு மட்டும் ஆகுமா
என்றார் ரெஜினால்டு சார், டீயில் பிஸ்கட்டை நனைத்தபடி.

நான் விடவில்லை.
கழுதை பேசவில்லையா? இரும்புக் கோடரி மிதக்கவில்லையா?
கோல் பாம்பாகி மற்ற பாம்புகளை விழுங்கவில்லையா?
"அது அற்புதம். இது மந்திரம்" என்றார் புளோரா டீச்சர்.
என்ன வித்தியாசம் என்றேன்.
"யார்கிட்ட கேக்கறோம்ங்கறதுதான்."
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
பிஸ்கட் உடைந்து டீக்குள் விழுந்தது,
எல்லோரும் சிரித்தோம், கூட்டம் முடிந்தது.

புகார் கொடுத்தது எஸ்தர்.
ஞானஸ்நானத்துக்கு முன் மரகதவல்லி.
ஜமாலியாவில் ஒற்றை அறை, ஒரு தையல் மிஷின்.
மூத்தவனுக்குக் காய்ச்சல் நிற்காத வாரம்
மின்கம்பத்து நோட்டீஸில் இருந்த நம்பருக்கு
அவள் வீட்டுக்காரர் போன் செய்தார்.
ஏவல் என்றான் வந்தவன். வாசலில் முட்டை புதைத்தான்.
நாற்பதாயிரம் ரூபாய், அவள் காதுக் கம்மல்.
அமாவாசை வரை ஆஸ்பத்திரி கூடாது என்றான்.
அமாவாசைக்கு இரண்டு நாள் இருந்தது.
அதற்கு மேல் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

மொழிபெயர்த்தவர் எங்கோ ஒரு மேசையில்
சூனியக்காரி என்று எழுதிவிட்டு
காபி குடிக்க எழுந்து போயிருப்பார்.
எஸ்தரிடம் அந்தச் சொல்லுக்கு மீசை இருந்தது,
பைக் இருந்தது,
நம்பர் இன்னும் கம்பத்தில் இருந்தது.

சனிக்கிழமை மாலை.
பிரித்து வைத்தவை பதினான்கு.
அவள் சின்ன மகன் எடுத்துப்போன புத்தகம் மேலே:
காகமாக மாற்றப்பட்ட ஒரு பையன்
தன் பெயர் மறப்பதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும்.
தூக்கியதும் உள்ளிருந்து நழுவியது
ஒரு காணிக்கை உறை. காலியானது.
பக்கம் நூற்று முப்பத்தொன்று.
முடிய இன்னும் பதினொரு பக்கம்.

பலிபீட விரிப்பை இஸ்திரி போட்டு
எடுத்து வந்தவள் அலமாரி அருகே நின்றாள்.
"அக்கா, அந்தப் பையன்...
அவங்க அம்மா ஜன்னல்கிட்ட வந்து நிக்கற வரைக்கும் படிச்சேன்.
கையெல்லாம் நடுங்கிச்சு. ஆயர்கிட்ட குடுத்துட்டேன்.
அத்தனை காக்காயில
தன் பிள்ளை எதுன்னு கண்டுபிடிச்சாளா?"

காகத்துக்குச் சோறு வைப்பதை
ஞானஸ்நானத்தோடு நிறுத்தியவள்.

கழுதை, கோடரி, கோல் என்று
அவ்வளவு வாதாடிய நான்
அதன் முதல் பக்கத்தைத் தாண்டியதில்லை.
"தெரியாது, எஸ்தர்."

மூர் மார்க்கெட் போகும் மின்ரயில் கடந்தது.
ஜன்னல் கண்ணாடிகள் கொஞ்ச நேரம் அதிர்ந்தன.
பாடகர் பெஞ்சில் விரிப்பை மடங்காமல் வைத்தாள்.
ஒரே ஒரு விளக்கைப் போட்டாள்.
"வாசிங்க. நான் ஜெபம் பண்ணிக்கிட்டே கேக்கறேன்."

பதினொரு பக்கம்.
இரண்டு முறை அவள் நிறுத்தச் சொன்னாள்.
ஒருமுறை நானே நிறுத்தினேன்,
கண்ணாடியைத் துடைக்க வேண்டும் என்று சொல்லி.

நாளை ஆராதனை முடிந்ததும் கமிட்டி.
அலமாரியில் இருப்பது பதின்மூன்று என்பேன், அது உண்மைதான்.
பதிவேட்டில் எழுதியாயிற்று:
எடுத்தவர், எஸ்தர்.
தேதிக் கட்டத்தில் என் பேனா நின்றபோது
வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள்:
"மூணு வாரம் போடுங்க, அக்கா.
முதல்லேர்ந்து படிக்கணும்."